தூரம் என்று சொல்லிவிட்டாள்

மிஷின் ஓட ஆரம்பித்ததும் சாய்ப்பின் தகரம் அதிர்ந்தது. அந்த அதிர்வு பாயில் இறங்கி, பாயிலிருந்து பவளக்கொடியின் இடுப்பில் ஏறியது, ஏறிய இடத்தில் மறுபடியும் வெதுவெதுவென்று ஒன்று கழன்றது. அசையக் கூடாது, அசைந்தால் இன்னும் வரும் என்று மூச்சைக்கூடப் பாதியில் பிடித்துக்கொண்டாள். களத்தில் மக்காச்சோளம் அடிக்கிறார்கள். கதிரை அள்ளி மிஷின் வாயில் போடுகிறவன்கள் இரண்டு பேர், கொட்டுகிற மணியைப் பலகையால் தள்ளுகிறவன் ஒருவன், மூட்டை பிடிக்கிற மாமனார், எல்லாருக்கும் நடுவில் மாமியார் காத்தாயியின் குரல். மிஷினையே மிஞ்சுகிற குரல் அது. "டேய், கதிர மிஷினுக்குப் போடுறியா, காக்காய்க்குப் போடுறியா? பாதி வெளியில கெடக்கு!" அவன் பதிலுக்கு என்னமோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். முந்தாநாளாக இருந்தால் பவளக்கொடியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பாள். முந்தாநாள் அவளும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள், கொல்லையில் கதிர் ஒடித்துக்கொண்டு, பிள்ளையைக் கருவேல மரத்துத் தூளியில் போட்டுவிட்டு. இப்போது இங்கே. ஆட்டுப்பட்டியை ஒட்டி இறக்கின நாலு தகரத்துக்கு அடியில், தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. இந்த வீட்டில் தூரமான பெண்கள் மூன்று நாளும் உட்காருகிற இடம். உட்காருகிற இடம்தான், படுக்கிற இடம் இல்லை, பகலில் படுத்தால் சோம்பேறி என்பார்கள் என்று அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். தகரத்துக் கீற்று வழியாகத் தெரிந்த களம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு தானாக நிமிர்ந்துகொண்டது. ஒன்றுமில்லை. வெயில். வெயிலில் குளிருமா? குளிருகிறதே. தை மாசத்து வெயில் அப்படித்தான், பொய் வெயில். நகத்தைப் பார்த்தாள். உரித்த பூண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது. பார்க்காதே, கையை மடக்கிக்கொள்.

சொல்லிவிட்டேன்தானே, நான் சொல்லாமலா இருந்தேன் என்று அவள் தனக்குத்தானே வழக்கு பேசினாள். நேற்றிலிருந்து இதே வழக்குதான், தீர்ப்புத்தான் வந்தபாடில்லை. முந்தாநாள் கதிர் ஒடிக்கும்போதே தொடையில் இறங்கியது தெரிந்தது, வேர்வை என்று நினைத்தாள், வேர்வை இத்தனை கனமாகவா இருக்கும்? மாமியார் தண்ணீர்த் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "அத்தை." "என்னாடி?" "அத்தை, எனக்கு..." "எனக்குன்னா? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு." சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து நிற்பதும் வருவதுமாக இருந்தது, தீட்டுக் கழித்துத் தலைமுழுகின பிறகு நின்றது, இப்போது மடை உடைத்துக்கொண்ட மாதிரி வருகிறது, கட்டிகட்டியாக விழுகிறது, பயமாக இருக்கிறது. இதுதான் சொல்ல வேண்டியது. இத்தனை வார்த்தையையும் கோத்து ஒரு தடவையாவது யாரிடமாவது அவள் பேசியிருக்கிறாளா? அம்மா இருந்திருந்தால் பழக்கியிருப்பாள். அம்மா போனபோது இவள் மூன்றாவது படித்தாள், அஞ்சாவதோடு பள்ளிக்கூடமும் போயிற்று, அப்புறம் ஆடுகளோடுதான் பேச்சு. அந்த இடத்து ரத்தத்துக்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான், அதுவே நாக்கில் வந்து நின்றது. "தூரம்" என்றாள். மாமியார் கழுவின காலை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கோபமெல்லாம் இல்லை, நெருப்பு பட்டால் கை பின்வாங்குமே, அந்த மாதிரி. "அட, அதுக்குள்ளயா? சில பேருக்கு அப்படித்தான், பால் குடுக்கயிலயே வந்துரும். எனக்கெல்லாம் உன் புருசனைப் பெத்து ஒரு வருசம் எட்டிப் பாக்கல. சரி, போ, சாய்ப்புக்குப் போ. கதிரத் தொடாத. அந்த வழியா போவாத, களத்த மிதிச்சிராத, சுத்திக்கிட்டுப் போ." அவள் சுற்றிக்கொண்டு போனாள். போகும்போது கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொன்னால் என்ன, மூன்று நாளைக்குக் கதிர்க் கூடை தூக்க வேண்டாமே. அந்தச் சந்தோசத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேனோ? சாமி அப்படியெல்லாம் சின்னக் கணக்குப் பார்க்குமா?

தாகம். சொம்பில் ஒரு வாய்தான் இருக்கிறது. அதைக் குடித்துவிட்டால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் மாமியார் களத்து வேலையை விட்டுவிட்டு வந்து, எட்ட நின்று உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள், அந்த நேரத்துக்கு மூட்டை பிடிக்க மாமனார் ஒண்டியாக நிற்பார். அதற்குக் கூப்பிடுவதா? வேண்டாம். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். நாலாவதில் புத்தகம் கொடுத்த அன்றைக்கு ஒரு புத்தகம் குறைந்துபோனது. யாருக்குக் கிடைக்கலையோ கையைத் தூக்குங்க என்று வாத்தியார் கேட்டார். கிடைக்காதது அவளுக்குத்தான். கை மடியிலேயே கிடந்தது, தூக்கு தூக்கு என்று அவள் சொல்லச் சொல்ல அது யாருடைய கையோ மாதிரி கிடந்தது. எல்லாருக்கும் கிடைச்சாச்சு, நல்லது என்று வாத்தியார் போய்விட்டார். வருசம் பூராவும் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பக்கவாட்டில் இருந்து படித்தாள். இன்றைக்கும் எழுத்தைச் சாய்த்து வைத்தால்தான் அவளுக்குச் சுலபமாக ஓடும், மாத்திரை அட்டையைக்கூடச் சாய்த்துப் பிடித்துத்தான் படிப்பாள், அழகுதுரை அதைப் பார்த்துவிட்டு, "என்ன, எழுத்துக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்று கேலி பண்ணினான். அழகுதுரை அவள் புருஷன், போர் போடுகிற வண்டியோடு வடக்கே போயிருக்கிறான், எந்த ஊர் என்று கேட்டால் அந்த ஊர்ப் பேர் வாயில் நுழையாது என்பான். ராத்திரியானால் மாமனார் போனுக்குக் கூப்பிடுவான், மாமனார் ஒன்றும் பேசாமல் போனைத் திண்டில் வைத்துவிட்டுப் போவார். "சாப்டியா?" "ம்." "பாப்பா தூங்குதா?" "ம்." "என்னாடி ம்ம்முங்கிற, மாட்டையா நான் கட்டுனேன்?" அப்போதும் "ம்" என்றுதான் வரும், ஆனால் அந்த ம்முக்குள் சிரிப்பு இருக்கும், அது அவனுக்குத் தெரியும். நேற்று போன் வந்ததா? வந்திருக்கும். தூரமான பெண்ணிடம் போனைக் கொடுக்க மாட்டார்கள். வந்திருந்தால் மட்டும்? "எனக்கு..." என்று ஆரம்பித்து "ம்" என்று முடித்திருப்பேன்.

இன்னொன்று கழன்றது. பெரிசு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மூடின கண்ணுக்குள் அப்பாவின் வெள்ளாடு வந்து நின்றது. போ அந்தாண்ட. சுட்டி ஆடு, நெற்றியில் வெள்ளை, இரண்டு குட்டி போட்டது, குட்டியெல்லாம் நல்லாத்தான் இருந்தது, நஞ்சுக்கொடி மட்டும் முழுசாக விழவில்லை. உள்ளே ஒரு துண்டு தங்கிடுச்சு என்று அப்பா சொன்னார். நன்றாக இருந்தது, தழை தின்றது, கொஞ்ச நாள் போய் ஒரு காலையில் திடீரென்று... வேண்டாம். ஆடு வேறு, மனுசி வேறு. எனக்கு ஆஸ்பத்திரியில்தான் பிரசவம், டாக்டரம்மா பார்த்தார்கள், எல்லாம் பார்த்துத்தானே வீட்டுக்கு அனுப்புவார்கள். பார்த்திருப்பார்கள். அன்றைக்கு வரிசையாக எத்தனை பேர் கத்திக்கொண்டு கிடந்தோம், அத்தனை பேருக்குமா உள்ளே பார்ப்பார்கள்? பார்த்திருப்பார்கள். அந்த ஆடு பட்டி மூலையில் மூஞ்சியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றது, கத்தவே இல்லை. மற்ற ஆடெல்லாம் ஒரு முள் குத்தினாலும் ஊரைக் கூட்டும், அது மட்டும் கத்தவே இல்லை. போ என்கிறேன் இல்லையா, போ.

"ஏய், பவளம்! புள்ள அழுவுது, பால் குடு." காத்தாயி வந்து நின்றாள். கையில் பிள்ளை, ஒட்டுத்துணி இல்லாமல். பச்சைப் பிள்ளைக்குத் தீட்டு இல்லை, துணிக்குத்தான் தீட்டு. அதனால் தூரமான தாயிடம் கொடுக்கும்போது சட்டை, அரைத்துணி எல்லாவற்றையும் உருவிவிட்டுத்தான் கொடுப்பார்கள். சாணி மெழுகின தரையில் பிள்ளையைக் கிடத்திவிட்டு அவள் தள்ளிப் போனாள், பிறகு பவளக்கொடி தவழ்ந்து போய் எடுத்தாள். தவழ்ந்துதான் போனாள், மாமியார் கவனித்தாளா? பிள்ளையின் உடம்பு அடுப்பிலிருந்து இறக்கின இட்லி மாதிரிச் சுட்டது. பிள்ளைக்குக் காய்ச்சலா? இல்லை, என் கை ஜில்லிட்டுக் கிடக்கிறது. பிள்ளை வாயை வைத்து இழுத்தது, விட்டது, அழுதது, மறுபடி இழுத்தது. வரவில்லை. நேற்று வரைக்கும் சட்டை நனைய வந்த பால், இன்றைக்கு இல்லை. "என்னாடி மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் காத்தாயி, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. இதோ. கேட்டுவிட்டாள். இப்போது சொல், இந்த நொடியில் சொல். தொண்டையில் வார்த்தை ஏறியது, ஒவ்வொன்றாக ஏறியது, முதல் வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. "ஒண்ணுமில்லத்தை" என்றாள். "வெயில் படாம உக்காந்தா வெளுக்கத்தான் செய்யும். வெள்ளக்காரியாட்டம் இருக்கடி, எம்மவன் பாத்தான்னா வேலைய விட்டுட்டு வந்துருவான்." மாமியாருக்குத் தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய்ச் சிரிப்பு வந்தது. கெட்டவள் இல்லை. பிரசவ மருந்தை அவளே இடித்து, அவளே கிண்டி, "தாயில்லாப் பொண்ணு, நாந்தான் பாக்கணும்" என்று ஊருக்குள் சொல்லிச் சொல்லி உருண்டை உருண்டையாக ஊட்டினவள். தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். இந்தக் கையை ஒரு தடவை தொட்டிருந்தால், அய்யோ என்னாடி இப்படி ஐஸா இருக்கு என்றிருப்பாள், அவளே கத்தியிருப்பாள், நான் வாயே திறக்க வேண்டியதில்லை. தொட மாட்டாள். இன்றைக்கு மூன்றாம் நாள், நாளைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டால் தொடுவாள். நாளை வரைக்கும் இந்த உயிர் வரவேண்டும், அவ்வளவுதான். வருமா? பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு நகர்ந்துகொண்டாள், காத்தாயி வந்து எடுத்துக்கொண்டு போனாள், போகும்போதே களத்தைப் பார்த்து, "மூட்டைய வாய் வரைக்கும் ரொப்பாதீங்கடா, தைக்கிறதுக்கு எடம் விடுங்க" என்று கத்திக்கொண்டே.

வண்டிச் சத்தம். மிஷின் சத்தத்துக்குள்ளிருந்து வேறொரு சின்னச் சத்தம் பிரிந்து வந்தது, கொடிப்பாதையில் குதித்துக் குதித்து வருகிற ஸ்கூட்டி. நர்சம்மா! புதன்கிழமை, ஊசி போடுகிற நாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாததால் அவளே தேடி வந்துவிட்டாள். பவளக்கொடியின் நெஞ்சு படபடவென்று அடித்தது, ஏற்கெனவே அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது, இப்போது காதுக்குள் வந்து அடித்தது. நர்சம்மா கேட்பாள். இவர்களெல்லாம் வெட்கமில்லாமல் கேட்பார்கள், துணி எவ்வளவு நனையுது, கட்டியா வருதா, நாத்தம் அடிக்குதா என்று அவர்களே கேட்டுவிடுவார்கள், நாம் தலையை ஆட்டினால் போதும். தலையாட்ட எனக்குத் தெரியும். கேளு, நர்சம்மா, என்னைக் கேளு. கீற்றில் கண்ணை வைத்தாள். சின்னப் பெண், டவுன்காரி, போன மாசம்தான் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தவள். களத்தோரம் மாமியார் பிள்ளையோடு நிற்கிறாள், பக்கத்திலேயே மாமனார் மூட்டை வாயைப் பிடித்துக்கொண்டு, அந்தாண்ட மிஷின்காரன்கள். நர்சு பையிலிருந்து ஐஸ் டப்பாவை எடுத்தாள், மிஷினுக்கு மேலே கத்தினாள். "பாப்பாவோட அம்மா எங்க?" காத்தாயி மாமனாரைப் பார்த்தாள், மிஷின்காரன்களைப் பார்த்தாள். ஊரையே எழுப்புகிற அந்தக் குரல் ஆம்பிளைகள் முன்னால் சுருங்கிப்போயிற்று. "அவ தூரம்." "ஆ?" "தூரமுங்க!" "தூரமா? எங்க போயிருக்காங்க? இவ்வளவு சின்னப் பிள்ளைய விட்டுட்டா?" காத்தாயி பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பவளக்கொடி தகரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தத் தூரம் இல்லை என்று சொல்லுங்க அத்தை. அவள் புரிந்துகொண்டால், பால் குடுக்கிறவளுக்கு அதுக்குள்ளயா, எவ்வளவு போகுது, கூப்பிடு பார்ப்போம் என்பாள். காதில் சொல்லுங்க, கிட்டப் போய்க் காதில் சொல்லுங்க. "ஆமா, ஆமா," என்றாள் காத்தாயி, "ரெண்டு நாள்ல வந்துருவா." "வந்ததும் கண்டிப்பா அனுப்புங்க. நான் அவங்கள ஒரு தடவகூடப் பாக்கல." "அதுக்கென்ன, அனுப்பி வெக்கிறேன்." சொல்லிவிட்டு மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சாய்ப்புப் பக்கம் திரும்பினாள், தோள் குலுங்கியது, பாத்தியா இந்தக் கூத்த என்று கண்ணாலேயே கேட்டாள். தகரக் கீற்றுக்குப் பின்னால் இருந்த பவளக்கொடியும், பழக்கத்தில், சிரித்தாள்.

சிரித்துவிட்டேன். நானும் சிரித்துவிட்டேன். ஊசி ஏறினது, பிள்ளை வீரிட்டது, அந்த அழுகை வந்து மார்பில் விழுந்ததும் வற்றிக் கிடந்த மார்பு சுரீரென்றது, அடிவயிறு தானாகக் குறுகிப் பிசைந்தது, அந்தப் பிசைவோடு மொத்தமாக ஒன்று வந்தது. பாய், பாவாடை, சாணித் தரை. இனிமேல் ஒளித்து வைக்கப் பழந்துணி இல்லை. நர்சு சொட்டு மருந்தைக் கொடுத்து, "காய்ச்சல் வந்தா இத ஊத்துங்க, பயப்படாதீங்க" என்று கத்துகிறாள், பையை மூடுகிறாள். மூடாதே. "அத்தை" என்றாள் பவளக்கொடி. அவள் காதிலேயே அது விழவில்லை. மிஷின் எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தது. நர்சு ஸ்கூட்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினாள். பட்டியைச் சுற்றிப் போனால் யார் கண்ணிலும் படாமல் கொடிப்பாதைக்குப் போகலாம், ஆனால் அது சுற்று வழி, அதற்குள் ஸ்கூட்டி ரோட்டுக்குப் போய்விடும், அதற்குள் நான். நேராகப் போனால் களம். தூரக்காரி கால் பட்டால் களத்து விளைச்சல் தங்காது என்பார்கள். களத்தில் ஆம்பிளைகள். புடவையின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரிந்துவிடும், ஜென்மத்துக்கும் நான் இந்த ஊரில் தலை நிமிர முடியாது. தலை நிமிரத் தலை இருக்க வேண்டுமே. தகரத்தைப் பிடித்து எழுந்தாள். களம் சாய்ந்தது, இந்தத் தடவை நிமிரவில்லை, சாய்ந்த களத்திலேயே அவள் காலை வைத்தாள். காய்கிற மணி உள்ளங்காலுக்குக் கீழே உருண்டு உருண்டு வழுக்கியது, வெயில் ஏறின மணி, இதமான சூடு, ஐயோ எவ்வளவு இதம், படுத்துக்கொள்ளலாம் போல. படுக்காதே, நட. மஞ்சள் மணியில் அவள் கால் வைத்த இடமெல்லாம் சிவந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களின் முகத்திலேயே தெரிந்தது. கதிர் அள்ளினவன் கூடையைத் தூக்கினபடி அப்படியே நின்றான். ஒருவன் கையை ஆட்டினான். மிஷினை ஓட்டுகிற டிராக்டர்க்காரன் எட்டிச் சாவியைத் திருகினான். மிஷின் விக்கி, இருமி, நின்றது.

அத்தனை சத்தமும் போய்விட்ட களத்தில், கல்யாணமான நாளிலிருந்து மருமகளிடம் நேரே ஒரு வார்த்தை பேசியிராத மாமனார் மூட்டையைப் போட்டுவிட்டு, "நர்சம்மா! நில்லும்மா! நில்லு!" என்று கொடிப்பாதையைப் பார்த்து ஓடினார். "ஏன்டி களத்துல கால..." என்று ஆரம்பித்த காத்தாயி கீழே பார்த்தாள், மணியைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். பிள்ளையை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தாள். வந்தவள், ஓர் அடி இருக்கும்போது நின்றாள். அவளாக நிற்கவில்லை, காலாக நின்றது. கை நீண்டது, கால் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் கோணுகிறது, கால் மட்டும் வரவில்லை. பிறகு வந்தது. பிறகு மடியில் கிடத்திக்கொண்டாள், தலையில் தலையில் அடித்துக்கொண்டாள், டிராக்டர் டிப்பரிலிருந்து சோள மூட்டைகளை இறக்கிவிட்டு இவளை ஏற்றினார்கள், நர்சு இவள் வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள், ஆஸ்பத்திரி கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அந்தக் கையை எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். இவளுக்குப் பத்தொன்பது வயசு. அதெல்லாம் அதற்குப் பிறகு. இப்போது களத்தில் ஒரு சத்தம் இல்லை, மாமியார் ஓர் அடி தள்ளி நிற்கிறாள், பவளக்கொடி நிற்கிறாள். "தூரமில்ல அத்தை," என்றாள். "புள்ள பெத்த ரத்தம். முந்தாநாள்லேர்ந்து நிக்கவே மாட்டேங்குது. கட்டிகட்டியா வுழுது. செத்துருவேன் போலருக்கு அத்தை." அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால். ஒரு வார்த்தைகூடப் பல்லில் ஒட்டவில்லை. இவ்வளவுதானா, இதற்கா, என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் குரல் இத்தனை கணீரென்று இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. காத்தாயியின் உதடு அசைந்தது, சரியாகக் காதில் விழவில்லையோ என்னவோ. விழாவிட்டால் என்ன, இன்னொரு தடவை சொல்லலாம், இதைவிடச் சத்தமாகவே சொல்லலாம் என்று பவளக்கொடி மறுபடியும் வாயைத் திறந்தாள்.